பாவாயி மகளை மூணு பேரு வளத்த கதை

ஒரு காலத்துல ஆவாரங்காடுன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல பாவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். அவ புருசன் நாச்சிமுத்து சோளக்காட்டுல வேலைக்குப் போறவன். அவங்களுக்கு ஒரு மக, செவந்தின்னு பேரு, ரெண்டரை வயசு. ஆங், நம்ம வீட்டுச் சின்னது மாதிரியேதான், ஒரு இடத்துல நிக்காது. கோழியப் பாத்தா கோழி பின்னாடி ஓடும், வண்டியப் பாத்தா வண்டி பின்னாடி ஓடும், தண்ணியப் பாத்துட்டாலோ, பெத்தவளையே மறந்துட்டு ஓடும்.

செவந்திக்கு முன்னாடி பாவாயிக்கு ஒரு பையன் இருந்தான். காத்தான்னு பேரு. அவனுக்கு மூணு வயசுல ஆத்தங்கரைத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனா. தலைச்சுமை சரியுதேன்னு அவன் கைய விட்டுட்டு சும்மாட்டைச் சரி பண்ணினா. அவ்வளவுதான் நேரம். திரும்பிப் பாத்தா புள்ளையக் காணோம். சாயங்காலம் ஆத்துல இருந்து எடுத்துட்டு வந்தாங்க. இல்ல, அதப் பத்தி இன்னும் கேக்காதீங்க. பாவாயியே அதை யார்கிட்டயும் வாய் தொறந்து சொன்னதில்ல.

அப்புறம், செவந்திக்குக் கோட்டையூரு அம்மன் கோயில்ல மொட்டை போடுறதா வேண்டுதல். தேரோட்டத்தன்னைக்குத்தான் போடணும். நாச்சிமுத்துக்குக் கால்ல முள்ளு குத்திச் சீழ் வச்சிருந்துச்சு, எந்திரிச்சு நடக்க முடியல. "நீ படு, நான் பாத்துக்கிறேன்"ன்னு சொல்லிட்டு, பாவாயி அவனோட கிழிஞ்ச வேட்டிய எடுத்து மெத்துமெத்துன்னு கயிறாத் திரிச்சா. ஒரு நுனிய செவந்தி இடுப்புல சுத்திக் கட்டினா, இன்னொரு நுனியத் தன் மணிக்கட்டுல கட்டினா. கட்டிட்டு, விடியறதுக்குள்ள கெளம்பி, ஏழு மைல் நடந்து, கோட்டையூரு போய்ச் சேந்தா.

தேர்வீதியில எள்ளுப் போட எடமில்லாத கூட்டம். வீதி முனையில ரங்காயின்னு ஒரு வளையக்காரி கூடையப் பரப்பி உக்காந்திருந்தா. அவ பாவாயியப் பாத்தா, கயித்தப் பாத்தா, கைய மோவாயில வச்சுக்கிட்டா.

"ஏண்டியம்மா, இது நீ பெத்த புள்ளையா, சந்தையில புடிச்ச கன்னுக்குட்டியா? கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகத் தெரியாதா உனக்கு?"

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. பாவாயிக்கு மூஞ்சி செவந்து போச்சு. அப்படியே நடந்தா.

மொட்டை போடுற கொட்டகையில வரிசை நீண்டு கெடந்துச்சு. வெயில் ஏற ஏற செவந்தி சிணுங்க ஆரம்பிச்சா. மடியில இருந்து ஒரு துண்டு வெல்லத்த எடுத்து வாயில வச்சா பாவாயி. புள்ள கப்புன்னு அடங்கிருச்சு. முன்னாடி நின்ன மாசிலாமணி வைத்தியரு திரும்பினாரு.

"ஏம்மா, அழுதா இனிப்பா? புள்ளைய நீயே கெடுக்குற. ஒரு அதட்டல் போட்டா அடங்கப் போகுது. பல்லும் போச்சு, புத்தியும் போச்சு!"

கேட்டாரா யாராவது அவர்கிட்ட? யாரும் கேக்கல. வரிசை முழுக்கக் காதுல விழுற மாதிரி சொன்னாரு. பாவாயி பல்லக் கடிச்சுக்கிட்டா.

அப்புறம், வரிசை நகரலயேன்னு, வீதிக்குக் கூட்டிட்டு வந்து, செவந்திக்கு ஓலைக் காத்தாடி ஒண்ணு வாங்கிக் குடுத்தா. காத்தாடி நாலு சுத்து சுத்துச்சு, ஒடஞ்சு போச்சு. வேற ஒண்ணு குடுத்தா வேண்டாங்குது. ஒடஞ்ச அதே காத்தாடிதான் வேணும், ஆனா ஒடையாம வேணும்! எங்க போறது அதுக்கு? நடுவீதியில தொப்புன்னு விழுந்து, கையக் கால ஒதைச்சு, ஊரே அதிர ஒரு அழுகை.

பாவாயிக்குத் தன் மகளத் தெரியும். அடிச்சா இன்னும் கத்தும். தூக்கினா முதுக வில்லா வளைச்சு வழுக்கிட்டு விழும். பேசினா காதுல ஏறாது. பக்கத்துல சும்மா உக்காந்திருந்தா, தானே எந்திரிச்சு வந்து மடியில ஏறிக்கும். அதனால வீதியோரமா நகத்திப் போட்டுட்டு, பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்தா.

அந்த நேரம் பாத்து மந்திரி பொண்டாட்டி வடிவாம்பாள் பல்லக்குல வந்தா. திரைய விலக்கினா.

"யாருடி இவ? புள்ள மண்ணுல பொரளுது, பெத்தவ கல்லு மாதிரி உக்காந்திருக்கா! உனக்கெல்லாம் எதுக்குப் புள்ள?"

அந்த ஒரு வார்த்தை. உனக்கெல்லாம் எதுக்குப் புள்ள. பாவாயி நெஞ்சுல அது எங்க போய்க் குத்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும், அந்தப் பல்லக்குக்காரிக்குத் தெரியுமா?

பாவாயி எந்திரிச்சா. "ஆத்தா, உங்க வழிய நான் மறிக்கல. நீங்க உங்க வழியில போங்க"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. வடிவாம்பாளுக்கு வந்துச்சே கோவம்! "என்னை எதுத்தா பேசுற? இழுத்துட்டு வாங்கடா இவளை"ன்னு சொல்லி, தேர் பாக்கப் பந்தல்ல உக்காந்திருந்த ராசா முன்னாடி கொண்டுபோய் நிறுத்திட்டா.

ராசா சின்ன வயசு. இன்னும் புள்ளகுட்டி இல்ல, ஒரு புள்ளையக் கையில தூக்கினதும் இல்ல. தேர் கெளம்ப இன்னும் நேரம் கெடந்துச்சு, அவருக்குப் பொழுதும் போகல. "என்ன வழக்கு?"ன்னாரு.

வளையக்காரி ஓடி வந்து, "கன்னுக்குட்டி மாதிரிக் கட்டி இழுத்தா மகாராசா"ன்னா. வைத்தியர் ஓடி வந்து, "வெல்லம் குடுத்துக் கெடுத்தா மகாராசா"ன்னாரு. வடிவாம்பாள், "மண்ணுல பொரள விட்டு வேடிக்கை பாத்தா மகாராசா"ன்னா. மூணு பேரும் சொன்னதக் கேட்டு, பாவாயி பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கூடக் கேக்காம, ராசா தீர்ப்பு சொன்னாரு.

"வளக்கத் தெரியாதவகிட்ட புள்ள எதுக்கு? மந்திரி வீட்டம்மா கொண்டு போய் நல்லபடியா வளக்கட்டும்."

ஒரு சேவகன் வந்து கயித்த அறுத்தான். இன்னொரு சேவகன் செவந்தியத் தூக்கினான். "அம்மா! அம்மா!"ன்னு அது கைய நீட்டி அலறுது. எனக்கு இப்பச் சொல்லும்போதே ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது.

கயித்த அறுத்த சேவகன் பேரு சடையன். அவன் ஆவாரங்காட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரன். காத்தான் போன கதை அவனுக்குத் தெரியும். மெல்லக் குனிஞ்சு, "தங்கச்சி, உன் மூத்தவன் ஆத்தோட போனதச் சொல்லு. ராசா மனசு எளகிரும், புள்ளையக் குடுத்துருவாரு"ன்னு பாவாயி காதுல சொன்னான்.

பாவாயி அவனப் பாத்தா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, நெருப்புதான் இருந்துச்சு.

"சொல்ல மாட்டேண்ணே. வளையக்காரிக்கும் வைத்தியருக்கும் எம்புள்ள சாவு எதுக்குத் தெரியணும்? செத்தவனக் காட்டித்தான் இருக்குறவள நான் வாங்கணுமா?"

சொல்லிட்டு, நேரா ராசா முன்னாடி போய் நின்னா.

"ராசா, உங்க தீர்ப்பு தீர்ப்புதான். ஆனா ஒண்ணு கேக்குறேன். இந்த மூணு பேருக்கும் எம்புள்ளைய வளக்கத் தெரியும்கிறாங்க. தெரியட்டும். இந்தப் பந்தல்ல இருந்து மொட்டைக் கொட்டகை வரைக்கும் போய்த் திரும்பி வரச் சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா, அவங்கவங்க சொன்ன மாதிரியே. நான் பத்தடி பின்னாடி வருவேன். வாயத் தொறக்க மாட்டேன். மூணு பேர்ல ஒருத்தர் ஒழுங்காக் கூட்டிட்டு வந்துட்டாலும், நான் வந்த வழியே போயிடறேன்."

ராசாவுக்கு இது நல்ல வேடிக்கையா இருந்துச்சு. "சரி, நடக்கட்டும்"ன்னுட்டாரு.

மொதல்ல ரங்காயி. "இதென்ன பிரமாதம், கையப் புடிச்சா போச்சு"ன்னு செவந்தி கைய இறுக்கிப் புடிச்சா. பத்தடி போனா. எதுத்தாப்புல ஒரு ஆட்டுக்குட்டி. செவந்தி கைய உருவிக்கிட்டு ஓடுச்சு, ரங்காயி தொரத்தினா, ஆடு மெரண்டு ஓடுச்சு, ஓடின ஆடும் தொரத்தின செவந்தியும் நேரா ரங்காயியோட வளையக் கூடையில! சலசலசலன்னு ஒரு சத்தம். "அய்யோ எம் வளையலு"ன்னு ரங்காயி ஒரு குச்சிய எடுத்து ஓங்கினா. உடனே கூட்டம் புடிச்சுக்கிச்சு. "அடிப்பாவி, பச்சப்புள்ளைய அடிக்கப் போறாளே! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" எந்தக் கூட்டம்? காலையில அவ கூடச் சேந்து சிரிச்ச அதே கூட்டம்தான். ரங்காயி குச்சியக் கீழ போட்டுட்டு அழ ஆரம்பிச்சுட்டா.

அப்புறம் மாசிலாமணி வைத்தியர். தொண்டையக் கனைச்சுக்கிட்டு, "ம்ம்! நட!"ன்னு ஒரு அதட்டல் போட்டாரு. செவந்தி அவர் மீசையப் பாத்துட்டு வீல்னு கத்துச்சு. இன்னொரு அதட்டல் போட்டாரு, இன்னும் கத்துச்சு. மூணாவது அதட்டலுக்கு அவரு கட்டைவெரல நறுக்குன்னு கடிச்சுருச்சு. என்னடா, சிரிக்கிறியா? சிரி சிரி. "பெரிய மனுசனா இருந்துக்கிட்டு புள்ளைய இப்படிக் கதற விடுறாரே"ன்னு ஒரு கெழவர் சொன்னாரு. "பாவம், பயந்து போச்சு, பாருங்க"ன்னு ஒருத்தி சொன்னா. வைத்தியருக்கு வேர்த்துக் கொட்டுது. இப்படிப் பாத்தாரு, அப்படிப் பாத்தாரு, பக்கத்துக் கடைக்காரன்கிட்ட மெதுவா, "ஏப்பா, வெல்லம் இருக்கா? சீக்கிரம் குடு, சீக்கிரம்"ன்னாரு. ராசா காதுலயே விழுந்துருச்சு.

அப்புறம் வடிவாம்பாள். "மண்ணுல விட்டாத்தானே பொரளும்? தூக்கிக்கிட்டா அடங்கிரும்"ன்னு, பட்டுச்சேலையோட செவந்தியத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே மிடுக்கா நடந்தா. கத்திக் கத்திக் களைச்சுப் போன புள்ள, பட்டு மேல சொய்ன்னு ஒண்ணுக்குப் போயிருச்சு. "ச்சீ! எம் பொடவை!"ன்னு தொப்புன்னு கீழ எறக்கி விட்டுட்டு, திரும்பி நின்னு தோழிகிட்ட பொடவையத் தொடைக்கக் குடுத்தா.

அவ்வளவுதான் நேரம்.

அந்நேரம் தேர் கெளம்புச்சு. கொட்டு முழங்குது, அத்தனை பேர் தலையும் தேர்ப்பக்கம் திரும்பிருச்சு. வடிவாம்பாள் தலையும் திரும்பிருச்சு. செவந்தி மட்டும் இந்தப் பக்கம் திரும்புச்சு. தெப்பக்குளம். வெயில்ல தண்ணி பளபளன்னு மின்னுது. ஒரு படி எறங்குச்சு. ரெண்டு படி எறங்குச்சு. மூணாவது படி பாசி.

பாவாயி எப்படிப் போனான்னு யாருக்கும் தெரியல. வழியில நின்னவங்க ஏழெட்டுப் பேர் கீழ கெடந்தாங்க. புள்ளையோட கால் வழுக்கி ஒடம்பு தண்ணியத் தொட்டப்ப, சட்டையோட பின்கழுத்த ஒரு கை கவ்விப் புடிச்சுருச்சு.

தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மேல ஏறி வந்தா. தேர் நின்னு போச்சு. கொட்டு நின்னு போச்சு. ராசா பந்தல விட்டு எறங்கி ஓடி வந்தாரு. பாவாயி அந்த மூணு பேர் பக்கமும் திரும்பினா.

"கட்டினா ஏன் கட்டினேன்னீங்க. கைய மட்டும் புடிச்சு எங்க கொண்டு போய் விட்டீங்கன்னு பாத்தீங்களா? வெல்லம் குடுத்தா ஏன் குடுத்தேன்னீங்க. அஞ்சு நிமிசத்துல நீங்களே வெல்லம் தேடினீங்க. பக்கத்துல உக்காந்திருந்தா கல்லுன்னீங்க. நீங்க ஒரு பொடவைக்காக எம்புள்ளையக் குளத்துக்கு விட்டீங்க. காலையில இருந்து ஏழு மைல் நடந்தேன். ஒரு வாய்த் தண்ணி குடிக்கிறியான்னு ஒருத்தர் கேட்டீங்களா? கொஞ்சம் நிழல்ல உக்காரும்மான்னு ஒருத்தர் சொன்னீங்களா? வாய் மட்டும் வந்துச்சே, அத்தனை பேருக்கும்! ராசா, நீங்களும்தான். அவங்களாவது வாயால பேசினாங்க. நீங்க ஆள விட்டுப் புள்ளையப் புடுங்கினீங்க!"

அதுவரைக்கும் ராசாகிட்ட அப்படிப் பேசினவங்க யாரும் இல்ல. சடையன் கண்ண மூடிக்கிட்டான்.

ராசா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "தப்பு எந்தப்பு"ன்னாரு. "சொல்லும்மா, இவங்கள என்ன பண்ணலாம்?"

"நான் என்னத்தச் சொல்றது. நீங்கதானே தீர்ப்பு சொல்றவரு"ன்னா பாவாயி.

ராசா யோசிச்சாரு. யோசிச்சுட்டுச் சொன்னாரு. "இனிமே ஒவ்வொரு தேருக்கும் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த மூணு பேரும் தெப்பக்குளத்துப் படியில நிக்கணும். தண்ணிப்பக்கம் வர்ற புள்ளைகளப் புடிச்சுப் பெத்தவங்ககிட்ட சேக்கணும். சேக்கும்போது ஒரு வார்த்தை பேசிரக் கூடாது. அதுக்கு, வாய் நெறையத் தண்ணி வச்சுக்கிட்டு நிக்கணும். முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. அவங்களோட நாலாவதா நானும் நிக்கிறேன்."

நின்னாங்களே! வடிவாம்பாள் ஒரு பக்கம், வைத்தியர் ஒரு பக்கம், ரங்காயி ஒரு பக்கம், கிரீடத்தக் கழட்டி வச்சுட்டு ராசா ஒரு பக்கம், கன்னம் ரெண்டும் பூசணிக்கா மாதிரி உப்பிக்கிட்டு! ஒரு புள்ள வைத்தியர் மீசையப் புடிச்சு இழுக்கும், ஒண்ணு சேலையில மூக்கத் தொடைக்கும், ஒண்ணு விழுந்து பொரண்டு அழும். மூணு பேருக்கும் சொல்றதுக்கு ஆயிரம் இருக்கும், தொண்டை வரைக்கும் வரும். சொல்ல முடியாது. ம்ம், ம்ம்னு தலைய ஆட்டிக்கிட்டு, புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கணும்.

ராசா பாவாயிக்குப் பட்டு, வளையல், மாட்டுவண்டின்னு என்னென்னமோ குடுக்கச் சொன்னாரு. அவ எதையும் ஏறெடுத்துப் பாக்கல. "இந்தப் புள்ளைக்கு இன்னும் மொட்டை போடல. கொஞ்சம் வழி விடச் சொல்லுங்க, அது போதும்"ன்னா. கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சு வழி விட்டுச்சு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. மொட்டை போடும்போதும் செவந்தி ஊரக் கூட்டி அழுதுச்சு. நாவிதரு அவரு பாட்டுக்கு வேலையப் பாத்தாரு. பாவாயி அவ பாட்டுக்கு மகளுக்கு ஒரு துண்டு வெல்லம் குடுத்தா.

அதனால, கண்ணுகளா, வெளிய போன எடத்துல யார் புள்ளையாவது அழுதா, ஒரு கை குடுக்க முடிஞ்சா குடுங்க. முடியலையா, ஒதுங்கி வழி விடுங்க. நடந்து நடந்து இந்தக் கதைக்கும் கால் வலிக்குது. அது படுத்துருச்சு, நீங்களும் படுங்க.