குகைக்கு நாலாவது ஆள்

செம்மலைக் கோட்டையை ஆண்ட குலசிங்க மகாராஜாவுக்கு மழைக்காலத்தில் போரும் கிடையாது, வேட்டையும் கிடையாது. அதனால் சபா மண்டபத்துத் தரையிலேயே சுண்ணாம்பால் ஒரு குகையை வரைந்து வைத்துக்கொண்டார்.

தாயக்கட்டை உருட்டி, மரப்பொம்மைகளைக் கட்டம் கட்டமாக நகர்த்தி, குகைக்குள் இருக்கும் அரக்கனைக் கொல்ல வேண்டும். ஆளுக்கொரு வேஷம். ராணி மங்கைநாச்சியார் மாயக்காரி ஆனார். எதிரே நிற்பவர் யாரென்று குரலை வைத்தே கண்டுபிடிக்கும் அமைச்சர் தாமோதரர் வில்லாளி ஆனார். மகாராஜா வாள்வீரன். அந்த வாள்வீரனுக்கு வேறு பெயர் வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. குகைக்குள்ளும் அவர் குலசிங்க மகாராஜாதான்.

அரக்கனுக்காகக் கட்டை உருட்டியவர் தளவாய் வீரமல்லர். மகாராஜா பன்னிரண்டு போட்டால் அரக்கன் சாவான். அரக்கன் நாலோ அதற்கு மேலோ போட்டால் மகாராஜா சாவார். எட்டு நாளில் மகாராஜா ஐந்து முறை செத்துவிட்டார். அரண்மனையில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த விகடகவி கூத்தபிரான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பரவாயில்லை மகாராஜா, சாவதில் நல்ல பழக்கம் வந்துவிட்டது" என்றான்.

தளவாய் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "வெளியே நின்று கேலி பேசுவது சுலபம். துணைக்கு ஒரு ஆள் குறைகிறது. அவனை இவரே தேர்ந்தெடுக்கட்டுமே!"

மகாராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "சரி. ஆனால் அவன் என்னைவிட வீரனாக இருக்கக் கூடாது."

"என்னைவிட மந்திரம் தெரிந்தவனாகவும் வேண்டாம்" என்றார் ராணி.

"என்னைவிடக் கண் கூர்மையானவனாகவும் வேண்டாம்" என்றார் அமைச்சர்.

"அப்படி ஒருவன் கிடைப்பதுதான் கஷ்டம்" என்றான் கூத்தபிரான்.

மகாராஜா சிரிக்கவில்லை. "அவனை வைத்து இன்று அரக்கன் சாக வேண்டும். நான் செத்தால், நாளையிலிருந்து உனக்கு வடக்கு எல்லைச் சாவடியில் வேலை."

வடக்குச் சாவடியில் குளிர் அதிகம், சோறு குறைவு. அதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே சிரிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை என்று கேள்வி. கூத்தபிரான் குகையைப் பார்த்தான். அரக்கனைப் பார்த்தான். பிறகு தளவாயின் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கட்டியக்காரன்" என்றான்.

தளவாய் விழுந்து விழுந்து சிரித்தார். "மகாராஜாவுக்கு முன்னால் பட்டங்களைக் கூவிக்கொண்டு நடப்பவனா? அவனிடம் கத்தி இருக்கிறதா, வில் இருக்கிறதா?"

"தொண்டை இருக்கிறது."

"எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்ளும்!"

ஆட்டம் தொடங்கியது. நான்கு பொம்மைகளும் குகைக்குள் நுழைந்தன. அரக்கனின் கட்டத்துக்கு முன்னால் போய் நின்றதும் மகாராஜா கட்டையை உருட்டினார். மூன்று விழுந்தது. தளவாய் கட்டைகளை எடுக்கக் குனிந்தார்.

கூத்தபிரான் மார்பை நிமிர்த்திக் கூவினான். "காட்டுப்பன்றியை முறைத்தே விரட்டிய, மூன்று ஆறுகளை ஒரே பகலில் கடந்த..."

தளவாயின் கை பாதி வழியில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி மார்போடு கட்டிக்கொண்டது.

செம்மலையில் கட்டியம் கூறும்போது மகாராஜாவைத் தவிர எல்லோரும் கைகட்டி, வாய்மூடி நிற்க வேண்டும். போன வருஷம் நடுவில் தலையைச் சொறிந்துவிட்ட கருவூல அதிகாரி ஒரு மாதம் யானைக் கொட்டிலில் சாணி அள்ளினார். அன்று காலையில்கூடத் தளவாயின் மூக்கில் ஓர் ஈ முழுக் கட்டியமும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போனது.

"என்ன தளவாய், உருட்டவில்லையா?" என்றார் மகாராஜா.

தளவாயால் பதில் சொல்லவும் முடியவில்லை.

பத்து எண்ணுவதற்குள் கட்டையைத் தொடாதவர் முறையை இழப்பார் என்பது ஆட்டத்தின் விதி. மெதுவாக ஆடும் அமைச்சரை விரட்டுவதற்காகத் தளவாயே போட்ட விதி. மகாராஜா பத்து எண்ணினார். எடுத்தார், உருட்டினார். ஐந்து. மறுபடி பத்து எண்ணினார். இரண்டு. மறுபடி. மூன்று. பட்டங்களைக் கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. தளவாயின் முகத்தில் வேர்வை வழிந்தது, துடைக்க வழியில்லை. கூத்தபிரானுக்கும் வேர்த்தது. பட்டங்கள் மொத்தம் முப்பத்திரண்டு. முப்பதாவதைத் தாண்டியபோது தொண்டை கட்டிக்கொண்டது. முப்பத்தொன்றைக் கோயில் ஓதுவார்போல இழுத்துப் பாடினான்.

முப்பத்திரண்டாவதின் நடுவில் இரண்டு கட்டைகளும் வெறும் பக்கம் காட்டி விழுந்தன. பன்னிரண்டு!

"செத்தான்!" மகாராஜா துள்ளிக் குதித்தார்.

கூத்தபிரான் பட்டத்தை முடித்தான். தளவாயின் கைகள் அப்போதுதான் அவிழ்ந்தன. "அநியாயம் மகாராஜா! அரக்கன் எதற்குக் கைகட்ட வேண்டும்?"

"அரக்கன் எங்கே கட்டினான்? கட்டியது நீங்கள்" என்றான் கூத்தபிரான். "நம் மகாராஜாவின் பட்டங்களுக்குக் கைகட்ட வேண்டியதில்லை என்று தோன்றியிருந்தால் தாராளமாக உருட்டியிருக்கலாமே?"

தளவாய் மகாராஜாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நல்ல ஆட்டம்" என்று முனகினார்.

மகாராஜாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். "கூத்தபிரான், பன்னிரண்டு விழுவதற்குள் முப்பத்திரண்டும் தீர்ந்துபோயிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"மேலே இட்டுக்கட்டியிருப்பேன் மகாராஜா."

"இல்லாத பட்டங்களையா?"

"முதல் முப்பத்திரண்டும் அப்படி வந்தவைதானே?"

கட்டியம் முடிந்த பிறகும் தளவாயின் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. முதலில் சிரித்தது ராணி. அவருக்கு அடுத்தபடியாக மகாராஜா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்த வேகத்தில் அவர் கால் பட்டு, செத்த அரக்கன் இன்னொரு முறை கீழே விழுந்தான்.