சம்பந்திக்கு மட்டும் ஆறா?

தணிகாசலத்துக்கு கோல்ஃப் கற்றுக்கொடுத்தவர் ரெபேக்கா. தன்னைவிட இருபது வயது சின்னவர் என்றாலும் தணிகாசலம் அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். மரியாதையில் குறை வைக்க மாட்டார். சொன்னதைக் கேட்பது மட்டும் கிடையாது.

அன்று காலை அவருக்கும் சம்பந்தி நெல்லையப்பனுக்கும் மலை மைதானத்தில் ஆட்டம். பேரனுக்கு எந்த ஊரில் காது குத்துவது என்று இரண்டு குடும்பமும் ஆறு மாதமாக முறுக்கிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிறவர் ஊரில் என்று கடைசியில் பேசி முடித்திருந்தார்கள். கணக்குக்கு மாஸ்டர் பொறுப்பு.

கோல்ஃபில் குறைவான அடிகளில் பந்தைக் குழிகளில் போட்டு முடிப்பவருக்கே வெற்றி; அவரவர் திறமையைப் பார்த்து, இத்தனை அடி கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுப்பார்கள். அதற்குப் பெயர் ஹேண்டிகேப். சென்னையின் சமதளத்தில் தணிகாசலத்துக்குப் பதினாறு, நெல்லையப்பனுக்கு இருபத்து நாலு.

"இந்த மலைக்கு உங்களுக்கு இருபது சார். அவருக்கு முப்பது" என்றார் மாஸ்டர்.

"எனக்கு நாலு கூடுது, சம்பந்திக்கு மட்டும் ஆறா?"

"ஆமா."

"திரும்பப் போடுங்க."

போட்டார். போனில் அதேதான் வந்தது.

"போன்ல ஏதோ கோளாறு மாஸ்டர். கையால போடுங்க."

மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கையால் போட்டார். கணக்கு என்ன, ஆள் பார்த்தா மாறும்?

"எட்டு அடி விட்டுக்கொடுக்கறதே பெரிசு. இப்ப பத்தா?"

"மைதானம் கஷ்டமானா சுமாரா ஆடறவங்களுக்குத்தான் சார் அடி கூட விழும். அதுக்குத்தான் இது."

"அது அவர் பாடு. என் பேரன் காதுகுத்து போயிடும் போலிருக்கே!"

"அவருக்கும் பேரன்தான் சார்."

"அதை விடுங்க. கணக்கைப் பாருங்க."

மாஸ்டருக்கு அலுத்துப் போயிற்று. பேனாவை மூடினார்.

"வண்டி வேண்டாம். மூணு பேரும் நடந்தே மேல போவோம்."

ஆட்டம் தொடங்கும் இடம் செங்குத்தான பாதையின் உச்சியில் இருந்தது. தணிகாசலம் தினமும் நடைப்பயிற்சி போகிறவர். வழியெல்லாம் அந்த நாலையும் ஆறையும் பற்றியே பேசிக்கொண்டு ஏறினார். மாஸ்டர் கூடவே நடந்தார், நெல்லையப்பன் பின்னால் வந்தார்.

உச்சிக்கு வந்ததும் தணிகாசலம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"பாருங்க, ஒரே மேடு. நானும் ஏறினேன், அவரும் ஏறணும். இதுல ஆளுக்கொரு கணக்கு எதுக்கு?"

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். தணிகாசலமும் பார்த்தார்.

பாதி வழியில் நெல்லையப்பன் ஒரு பாறையில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இவர்கள் பார்ப்பதைக் கண்டதும், இதோ வந்துவிட்டேன் என்று சிரித்தபடி கையை ஆட்டினார்.

"இப்ப சொன்னீங்களே, அதைக் கீழ போய் அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க சார்" என்றார் மாஸ்டர். "நான் கணக்கை மாத்தித் தர்றேன்."