மடியில நடந்த பொட்டு

ஒரு ஊர்ல ஒரு தாய்மாமா இருந்தாராம். "ம்" சொல்லுடா, சொன்னாத்தான் மாமா நடப்பாரு.

ஆங். ஊரு லால்குடி, பேரு தணிகாசலம், லாரி ஓட்டுறவரு. அவரு குரல் குடுத்தா எதிர வர்ற பஸ்ஸே ஒதுங்கும். ஆனா எட்டுக்கால் பூச்சியப் பாத்தா மட்டும் கட்டில் மேல ஏறிடுவாரு. உன்ன மாதிரின்னு நான் சொல்லல.

அவரு தங்கச்சி கோமளா ஆஸ்திரேலியாவுல இருந்தா. நாம லீவுக்குப் போகப்போறோமே, அதே ஊருதான். அங்க பூச்சி உள்ளங்கை அகலமாம். அப்போ கோமளா போன் பண்ணி, "அண்ணே, பாப்பாவ உன் மடியில வெச்சுத்தான் காது குத்தணும். நீ வரலன்னா குத்தவே மாட்டேன், மூளிக் காதோடயே கல்யாணம் பண்ணிக்கட்டும்"னா.

மாமா இத்துனூண்டு குரல்ல, "அங்க பூச்சி இருக்குமாம்மா?"

"இருக்கும். நீயும் வந்து இரு."

அப்புறம் மாமா கெளம்பினாரு. கையில என்ன? வேட்டியில சுத்தின ஒட்டடைக் குச்சி. விமான நிலையத்துல மூக்கால பேசுற ஒரு அதிகாரி, "என்ன சார் இது?"

"ஒட்டடைக் குச்சிங்க."

"விமானத்துக்கு ஒட்டடை அடிக்கப் போறீங்களா?"

குச்சிய வாங்கி ஓரமா சாத்திட்டாரு. மாமா வெறுங்கையோட ஏற, உய்ய்ய்ங்னு விமானம் போச்சு.

ம்?

அப்போ தங்கச்சி வீட்டுல மாமா குளிக்கப் போனாரு. சுவத்துல கருப்பா, வட்டமா ஒண்ணு. செருப்பக் கழட்டி தட், தட், தட். கோமளா ஓடி வந்தா.

"அண்ணே, அது என் ஸ்டிக்கர் பொட்டு. குளிக்கறப்ப ஒட்டி வெச்சேன்."

அன்னைக்குப் பூரா சிரிப்பு. கோமளா வீட்டுக்காரரு சோறு போடறப்பவும், "மச்சான், ரசத்துல மிளகு கெடக்கு, பயந்துறாதீங்க"ன்னாரு. மாமாவுக்கு ரோசம் வந்துருச்சு. இனிமே எதப் பாத்தும் அசையறதில்லன்னு முடிவு பண்ணிட்டாரு.

தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் காதுகுத்து. மடியில பாப்பா, கையில ஊசியோட ஆசாரி. மாமா முட்டிகிட்ட, வேட்டி மேல, கருப்பா ஒண்ணு. மாமா பெரிய மனுசன் மாதிரி, "கோமளா, உன் பொட்டு விழுந்துருச்சு பாரு"ன்னாரு.

அவ நெத்தியத் தொட்டுப் பாத்தா. "என் பொட்டு இங்க இருக்கேண்ணே."

அப்போ அந்தப் பொட்டு நடந்துச்சு.

குறுகுறு, குறுகுறு. முட்டி, தொடை, சட்டை. ஊசியோ பாப்பா காதுகிட்ட. மாமா துள்ளினா ஊசி கன்னத்துல ஏறிடும். அதனால மாமா கல்லு மாதிரி உக்காந்தாரு, மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு. பூச்சி தோள்ல வந்து நின்னுச்சு.

"ஆசாரி," கொசு மாதிரி குரலு, "சீக்கிரம்."

சுருக். ஒரு காது. பாப்பாவத் திருப்பி, சுருக். இன்னொரு காது.

பூச்சி தாவி ஜன்னல் வழியா போயிருச்சு. மாமா பாப்பாவப் பதமா தங்கச்சி கையில குடுத்தாரு. தோட்டத்துக்கு நடந்தாரு. கதவச் சாத்தினாரு. அப்புறந்தான், "ஆஆஆஆ..."

மரத்துல இருந்த கிளியெல்லாம் படபடபடன்னு பறந்துச்சு. உள்ள பாப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஆசாரி கதவையே பாத்துட்டுக் கேட்டாரு: "ஏம்மா, நான் காது குத்துனது யாருக்கு?"

அவ்வளவுதான். மாமா அழுது முடிச்சாச்சு, பூச்சி வீடு போயாச்சு, கதை கண்ண மூடியாச்சு. நீயும் மூடு.