புது லாரி ஏன் வெறும் எலும்பாய் ஓடுகிறது

அந்தக் காலத்தில் லாரிகளுக்கு வாய் இருந்தது. ஹாரன் எல்லாம் பிறகு வந்த பழக்கம். “அண்ணே, கொஞ்சம் ஒதுங்குங்க” என்று பேசிக்கொண்டேதான் ரோட்டில் போகும்.

கடலோரத்தில் இருந்த ஒரே தொழிற்சாலையில்தான் அத்தனை லாரிகளும் பிறந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் நிறத் தகரப் பெட்டி, ஒரே உயரம், ஒரே முகம். கரும்பு ஏற்றினாலும் கல் ஏற்றினாலும் அதே பெட்டிதான். முதலாளி தேசிங்கு கெட்டிக்காரர், நேர்மையானவர், ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். தன் லாரியில் யாராவது ஓர் ஆணியைத் தொட்டால், அந்த வண்டியையே திருப்பிக் கொண்டுவந்து உலையில் உருக்கிவிடுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள். அதனால் யாரும் தொடவில்லை.

திருச்செங்கோட்டில் பாவாயி என்றொரு தச்சுக்காரி இருந்தாள். மாட்டு வண்டிகளுக்குப் பலகை அடிப்பது அவள் தொழில். உளியைப் பிடித்தால் ஊரை மறந்துவிடுவாள். கீழே வைத்தால் ஊரையே பேசித் தீர்த்துவிடுவாள். ஒரு மத்தியானம் அவள் பட்டறை முன்னால் ஒரு லாரி வந்து நின்று அழுதது.

“ஏனப்பா, என்னாச்சு?” என்றாள் பாவாயி.

“நான் முட்டை ஏத்தற வண்டிக்கா. இந்தத் தகரம் குலுங்கறதுல பாதி முட்டை ஒடஞ்சு போகுது. ஒடையறது என் வவுத்துக்குள்ளயே கேக்குதுக்கா. டிரைவரண்ணன் எஞ்சின் சூட்டுல வெந்து போறாரு. படுக்க எடமில்ல, காத்துக்கு வழியில்ல. எனக்கு வேற சட்டை தைச்சுக் குடுங்க.”

பாவாயிக்கு உலையின் கதை தெரியும். ஆனாலும் அழுகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. அன்றே தகரத்தைப் பிரித்தாள். வாகைப் பலகை அறுத்து, முட்டை அட்டைகள் அசையாமல் உட்காரத் தட்டுத் தட்டாக அடித்தாள். டிரைவருக்கு அகலமான ஜன்னல், தலைக்கு மேல் காற்று வரத் திறப்பு, முதுகுக்குப் பின்னால் கால் நீட்டிப் படுக்க ஒரு பலகை. மேலே சிவப்புப் பெயின்ட் அடித்து, நெற்றியில் இரண்டு கொம்பு வரைந்து, செவலை என்று பேரும் வைத்தாள். அடடா, அந்த வண்டி கிளம்பிப் போன அழகை ஊரே நின்று பார்த்தது! நாமக்கல்லிலிருந்து கொச்சி வரை ஒரு முட்டை உடையவில்லை.

ஒரு காரியத்தில்தான் பாவாயி தவறு செய்தாள். தொழிற்சாலையின் பித்தளை முத்திரையைக் கழற்றி ஒளிக்காமல், புளி போட்டுத் தேய்த்து, இரண்டு கொம்புக்கும் நடுவில் பளபளவென்று பதித்துவிட்டாள். பெற்றவர் பேரை அழிப்பது பாவம் என்பது அவள் எண்ணம். அந்தப் பளபளப்புதான் தேசிங்குவின் கண்ணில் பட்டது. அவர் நேராகப் பட்டறைக்கே வந்து இறங்கினார்.

“யாரைக் கேட்டும்மா என் வண்டியில கை வெச்சே? நாளைக்கு உன் பலகை கழண்டு ஒருத்தன் செத்தா, யார் பேரு கெடும்?”

“உங்க பேருதானுங்க. அதை நெனச்சுத்தான் ஒவ்வொரு போல்ட்டையும் ரெண்டு தரம் முறுக்கினேனுங்க.”

அவர் அசையவில்லை. “மரம் உன்னுது, எடுத்துக்கோ. இரும்பு என்னுது, உலைக்குப் போகுது. என் தகரம் எங்கே?”

“அதுக்குக் கீழ நானூறு கோழி குடியிருக்குதுங்க.”

பாவாயி தன் கையாலேயே செவலையைப் பிரித்தாள். எஞ்சினும் சக்கரமும் சட்டமும், சட்டத்தின் நெற்றியில் அவள் திருப்பிப் பதித்த முத்திரையும் மட்டும் மிஞ்சின. அக்கா வராமல் கிளம்ப மாட்டேன் என்று செவலை அடம்பிடித்தது. அவள் சட்டத்தின் மேல் ஒரு பலகையைக் கயிற்றால் கட்டினாள். முதலாளி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெயிலும் புழுதியும் இருவரையும் ஒன்றாகவே வறுத்தன.

சேலத்தில் ஒரு மாம்பழ வியாபாரி ஓடி வந்து வண்டியை மறித்தார். “காலிச் சட்டமா இருக்கே! இதுல சந்து விட்டுப் பலகை அடிச்சா பழம் மூச்சு விடுமே சாமி!” கள்ளக்குறிச்சியில் கரும்புக்காரர்கள் கயிற்றைக் கொண்டுவந்து நீளம் அளந்தார்கள். “நாலு பக்கமும் ஆளுயரக் கம்பு நட்டா ஒரே நடையில ஒரு வயலு போயிடும்!” பெட்டியோடு போனபோது வாய் திறக்காதவர்கள், வெறும் சட்டத்தைப் பார்த்ததும் ஆளுக்கொரு லாரியை அதில் கண்டார்கள். தேசிங்கு வண்டியை விரட்டிக்கொண்டே போனார்.

மரக்காணத்தில் ஓர் உப்பளத்துக்காரி மட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “ஐயா, உப்பு தகரத்தை அரிச்சிடுது. வருசத்துக்கு ஒரு வண்டி போகுது. முழுக்க மரத்துல இருந்தா பொழைச்சுக்குவோம்.”

தேசிங்குவின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது. துருப்பிடித்து வந்த உப்பு லாரிகளைப் பார்த்து, வண்டி வைத்துக்கொள்ளத் தெரியாத ஜனங்கள் என்று அவர் எத்தனையோ முறை திட்டியிருக்கிறார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

தொழிற்சாலை வாசலை அடைந்தபோது உலை கொதித்துக்கொண்டிருந்தது. புதிதாகப் பிறந்த பத்து லாரிகள் தகரத்துக்காக வரிசையில் நின்றன. செவலையின் சட்டம் நடுங்கியது.

“அக்கா, நான் போயிட்டு வரட்டுமா?”

பாவாயி கீழே இறங்கினாள். “உன்னைச் செஞ்ச நாளுதாண்டா எனக்கு நல்ல நாளு” என்று சொல்லி முத்திரையைத் தடவிக் கொடுத்தாள்.

தேசிங்கு கீழே குதித்தார். “உலையை அணைங்கடா! அந்தப் பத்து வண்டிக்கும் தகரம் அடிக்காதீங்க!” பிறகு பாவாயியிடம் திரும்பினார். “எலும்பு என் பொறுப்பும்மா. எஞ்சின், பிரேக்கு, சட்டம், இதுல யாரும் கை வெக்கக் கூடாது. மேல என்ன கட்டணுங்கறது உங்களுக்குத்தான் தெரியுது. பத்தையும் கூட்டிக்கிட்டுப் போ.”

பாவாயி செவலை மேல் ஏறி முன்னால் போக, பத்து வெறும் சட்டங்களும் சிரித்துக்கொண்டே பின்னால் வந்தன.

அன்று முதல்தான், தொழிற்சாலையை விட்டு வரும் புது லாரி கூரையும் கதவும் இல்லாமல், கட்டிய பலகையில் தலைத்துண்டு டிரைவரை ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில் கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஓடுகிறது. சட்டைக்கு அளவு கொடுக்கப் போகிற பிள்ளைக்கு என்ன கூச்சம்?