தொலைந்த மஞ்சள் கிழங்கு

ஆற்காட்டில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவர் எனக்குச் சொன்ன கதை இது. அவரும் இன்னொருவர் சொல்லிக் கேட்டதுதான். வார்த்தைகள் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

"அக்கா, மூணு இடத்துல காட்டிட்டேன். மூணு பேரும் ஏ.சி.க்குக் கேஸ் அடிச்சு அனுப்பிட்டாங்க. ஏ.சி.யைப் போட்டா இன்னும் அனல்தான் வருது. நாளைக்கு எம் பொண்ணையும் பேத்தியையும் இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வரணும்."

இப்படி முறையிட்டவர் ஏகாம்பரம். செய்யாற்றில் டாக்சி ஓட்டுபவர். வயது ஐம்பத்துநான்கு.

கேட்டுக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. ஆற்காடு பைபாஸில் வண்டிகளுக்கு ஏ.சி. பழுது பார்ப்பவள். வயது முப்பத்திரண்டு. ஆனாலும் அந்தச் சாலையில் ஓடும் டிரைவர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

கத்திரி வெயில். தொலைவில் தார்ச்சாலை தண்ணீர்போல் அசைந்துகொண்டிருந்தது.

"பேத்திக்கு எத்தனை நாள் ஆச்சுண்ணே?"

"எட்டு. கல்யாணமாகி ஏழு வருசம் கழிச்சுப் பொறந்தது. எடை கம்மி. சூடு படாம பாத்துக் கூட்டிட்டுப் போங்கன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வேலூர்லேர்ந்து வீட்டுக்கு ரெண்டு மணி நேரம்."

"ஒரு நாளைக்கு வேற வண்டி எடுத்துக்கலாமே."

"நல்லா இருக்குதே! ஊர் சனத்துக்கெல்லாம் நான் வண்டி ஓட்டுவேன். எம் பேத்தி எவன் வண்டியிலயோ வரணுமா?"

ஜெசிந்தா சிரித்தாள்.

"கேஸ் அடிங்கக்கா. உங்க கை ராசியான கை."

"மூணு கை அடிச்சாச்சு. நாலாவது என் கையா?"

"கேஸ் அடிக்காம, ஏ.சி.க்குப் பாட்டா பாடுவீங்க?"

அவள் பானெட்டைத் திறந்தாள். இன்ஜினை ஓடவிட்டு, அவர் கையைக் காட்டச் சொல்லி, ஒரு பைப்பைப் பிடிக்க வைத்தாள்.

ஏகாம்பரம் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"சில்லுன்னு இருக்கு. மேலெல்லாம் வேர்த்திருக்கு."

"குளிர் இருக்குண்ணே. உங்ககிட்ட வந்து சேரலை. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!"

"உள்ள ஏறி உட்காருங்க. கண்ணாடியை ஏத்திக்குங்க. ஏ.சி. ஓடட்டும். கண்ணை மூடி, வர்ற காத்தை மட்டும் பாருங்க."

"வெந்துடுவேன்க்கா."

"வேகுறதுக்குள்ள கூப்பிடுறேன்."

அவர் ஏறி உட்கார்ந்தார். கதவு மூடியது. பைபாஸின் இரைச்சல் எங்கேயோ போய்விட்டது.

அனல் முகத்தில் வந்து மோதியது. பிறகு மோதவில்லை, தடவியது. இமைக்குள் வெளிச்சம் சிவப்பாக நின்றது. அந்தச் சிவப்பில் அவர் மகள் லோகேஸ்வரி, மூன்று வயதில், கொல்லையில் ஒரு பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். உடம்பெல்லாம் மஞ்சள். தலையில் தண்ணீர் ஊற்ற ஊற்றச் சிரித்தாள். தண்ணீர் மஞ்சளாக ஓடி வாழையடிக்குப் போயிற்று. அவரும் அதன் பின்னாலேயே போனார்.

கதவு திறந்தது.

"என்ன தெரிஞ்சுது?"

"தெரியலைக்கா. மஞ்சள் வாசனை."

"காத்துலயா, கனவுலயா?"

ஏகாம்பரம் மூக்கை ஏ.சி. காற்று வரும் துவாரத்தருகே வைத்தார். முகம் மாறியது.

"காத்துலதான்."

"வண்டியில மஞ்சள் யார் வச்சது?"

"யாரும் வைக்கலை."

ஜெசிந்தா துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவசரப்படவில்லை. ஒரு லாரி போயிற்று. இன்னொரு லாரி போயிற்று.

"நான்தான் வச்சேன்," என்றார் ஏகாம்பரம்.

"ம்."

"பொண்ணுக்கு ஏழாம் மாசம். அம்மன் கோயில்ல வேண்டிக்கிட்டப்போ பூசாரி நூல் சுத்தின ஒரு மஞ்சள் கிழங்கு குடுத்தாரு. பிரசவம் முடியிற வரைக்கும் பத்திரமா வச்சிரு, தொலைச்சிடாதேன்னாரு. வீட்டை விட வண்டியிலதானே நான் அதிகமா இருக்கேன்? கண்ணாடி ஓரமா, டேஷ்போர்டு மேல வச்சேன். கலவைகிட்ட ஒரு ஆடு குறுக்க வந்துச்சு. பிரேக் அடிச்சேன். அப்புறம் பாத்தா கிழங்கு இல்ல. சீட்டையெல்லாம் கழட்டித் தேடிட்டேன்."

"வீட்ல சொன்னீங்களா?"

"எப்படிக்கா சொல்றது? பொண்ணு பிரசவ வார்டுக்குள்ள போனப்போகூட நான் வெளிய நின்னு அந்த ஆட்டைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். எடை கம்மின்னு சொன்னதும், என்னாலதான்னு நெனச்சேன்."

"அனல் எப்போலேர்ந்து வருது?"

ஏகாம்பரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"கிழங்கு தொலைஞ்சதுலேர்ந்துதான் போல. அன்னிக்கு ஏ.சி.யைக் கவனிக்கிற மனசு எனக்கு இல்லக்கா."

கண்ணாடியை ஒட்டி, பனி படியாமல் காற்று வருவதற்காக டேஷ்போர்டில் நீளமாக ஓர் இடுக்கு உண்டு. ஜெசிந்தா அதில் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு காலடிப் பக்கம் படுத்து, நான்கு ஸ்குரூவைக் கழற்றி, முழங்கை வரை உள்ளே விட்டாள்.

"இன்ஜின் சூட்டை உள்ள விடாம மூடுற சின்னக் கதவு ஒண்ணு இங்க இருக்கு," என்றாள் படுத்தபடியே. "அது மூட மாட்டேங்குது."

உள்ளே ஏதோ ஒன்று 'டக்'கென்று விழுந்து அடங்கியது.

காற்று ஒரு நொடி நின்றதுபோல் இருந்தது. பிறகு குளிர்ந்து வந்தது.

அவள் எழுந்து கையை விரித்தாள். விரல் நீளக் கிழங்கு. சுருங்கி, ஒரு பக்கம் கருத்திருந்தது. அதில் சுற்றிய நூல் அவிழவில்லை.

ஏகாம்பரம் அதை வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"அப்போ நான் வேண்டிக்கிட்டதுதானா, அக்கா, வழியை மறிச்சுக்கிட்டு இருந்தது?"

ஜெசிந்தா அவர் உள்ளங்கையை இழுத்து, கிழங்கை வைத்து, விரல்களை மூடினாள்.

"தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்களே அண்ணே. ஒரு நாள்கூட இது உங்க வண்டியை விட்டு இறங்கலையே."

டயர் கடைக்காரர் இத்துடன் நிறுத்திவிட்டு, மறுநாள் குழந்தை குளிரில் தூங்கிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தது என்றார்.

செய்யாற்றில் லோகேஸ்வரியைப் பார்த்து விசாரித்தேன். குழந்தை தூங்கவில்லை. ஆற்காடு தாண்டியதும் இரண்டு முறை தும்மியது. "குளிருதுப்பா, ஏ.சி.யை அணைங்க" என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். அவர் அணைத்துவிட்டார்.