புறாவுக்குப் பின்னால் ஒரு முழம்

“தாயி, இந்த லென்ஸ் பொய் சொல்லுது.”

சுயம்பு அண்ணாச்சி கேமராவும் லென்ஸுமாக மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் மேசையில் கிடந்த பொடித் திருகுகள் ஒரு துள்ளுத் துள்ளின.

ஜெசிந்தா நிமிரவில்லை. வாயில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கவ்வியிருந்தாள்.

தூத்துக்குடியில் ஒரு பல் டாக்டரின் மாடியில் அவள் கேமரா, லென்ஸ் பழுது பார்க்கிறாள். வயது முப்பத்து நாலு. சுற்றுவட்டாரத்துப் போட்டோகிராபர்கள் அவளைக் குரு என்றுதான் சொல்வார்கள். நேரில் சொன்னால் திட்டுவாள், அதனால் அவள் இல்லாத இடத்தில் சொல்வார்கள்.

சுயம்புவுக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வருஷமாகக் கல்யாணமும் காதுகுத்தும் எடுக்கிறவர். அவரும் சீடர்தான், ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஸ்க்ரூ டிரைவர் வாயிலிருந்து வெளியே வந்தது.

“என்ன பொய்?”

“கோபுரத்துல ஒரு புறா உக்காந்திருக்கு. புறாவக் குறி வச்சு எடுக்கேன். புறா கஞ்சி மாதிரி விழுது. அதுக்கு ஒரு முழம் பின்னாடி சுதைப் பூதம் ஒண்ணு நிக்கு. அந்தப் பூதத்தோட மீசைய ஒவ்வொரு முடியா எண்ணலாம்.”

“பூதம் நல்லா வந்திருக்கா?”

“பூதத்த எடுக்கவா எனக்கு ஆர்டர் குடுத்திருக்கு?”

ஆர்டர் கொடுத்தது அவருடைய ஊர்ச் சிவன் கோவில் கமிட்டி. வியாழக்கிழமை காலையில் கும்பாபிஷேகம். கோபுரத்து உச்சிக் கலசத்தில் தண்ணீர் விழும்போது மேலே கருடன் வட்டமிடும். அந்த இரண்டும் ஒரே படத்தில் வரவேண்டும் என்று கமிட்டித் தலைவர் சொல்லியிருந்தார். படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டப் போகிறார்கள். அடுத்த கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருஷம் கழித்து. அதுவரை ஊரே வந்து நின்று பார்க்கும், கீழே சுயம்புவின் பெயர் இருக்கும், மேலே கஞ்சி இருக்கும்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லு தாயி. தப்பு யார் மேல? லென்ஸ் மேலயா, கேமரா மேலயா?”

ஜெசிந்தா அலமாரியிலிருந்து வேறொரு கேமராவை எடுத்தாள். சுயம்புவின் லென்ஸை அதில் மாட்டினாள். அது ஃபிளாஸ்க் பருமனுக்கு இருக்கிற நீள லென்ஸ். எதிர்ச் சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு படம் எடுத்துக் காட்டினாள்.

ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன.

“பாத்தியா! நான் அப்பவே நெனச்சேன். கேமராதான் களவாணி. புதுசுன்னு சொல்லித் தலையில கட்டிட்டான்.”

ஜெசிந்தா அவருடைய கேமராவில் வேறொரு லென்ஸை மாட்டினாள். அதே காலண்டரை எடுத்தாள்.

அதுவும் பளிச்சென்று இருந்தது.

சுயம்பு ஒரு கேமராவை எடுத்துப் பார்த்தார். மற்றதை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் முதலாவதைப் பார்த்தார்.

“அப்ப யார் மேலதாம்மா தப்பு?”

“காப்பி குடிக்கீங்களா அண்ணாச்சி?”

குரு சிலநேரம் இப்படித்தான். கேட்ட கேள்விக்கும் சொல்கிற பதிலுக்கும் நடுவில் ஒரு பஸ் போகும். சுயம்பு காப்பியைக் குடித்தார். குடிக்கும்போது அவள் கேட்டாள்.

“இந்த லென்ஸ் வாங்கி ஆறு வருஷம் இருக்கும்லா? அப்பல்லாம் ஒழுங்கா எடுத்துச்சே. பழைய கேமரா எங்க?”

சுயம்பு டம்ளருக்குள் பார்த்தார்.

“அது அவன்கிட்ட இருக்கு.”

அவன் என்றால் பிச்சைக்கனி. இருபத்தாறு வருஷம் சுயம்புவோடு ஒரே ஸ்டூடியோவில் ஒன்றாய்ச் சாப்பிட்டு, ஒன்றாய்த் தூங்கி, ஒன்றாய் ஏச்சு வாங்கியவர். சுயம்பு போட்டோ, பிச்சைக்கனி வீடியோ. போன தை மாதம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரம். சுயம்பு எடுத்த பதினேழு படத்திலும் பிச்சைக்கனியின் முதுகு. பிச்சைக்கனி எடுத்த வீடியோவில் சுயம்புவின் முதுகு. தாலி எதிலுமே இல்லை. பெண் வீட்டார் இரண்டு முதுகையும் நன்றாகப் பார்த்துவிட்டு, வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டுப் போனார்கள். நீதான் குறுக்கே நின்றாய் என்று இவர், நீதான் என்று அவர். பேச்சு தடித்து ஸ்டூடியோ உடைந்தது. சாமான்களைப் பிரித்தபோது லென்ஸ் இவருக்கு வந்தது, கேமரா அவருக்குப் போனது. கேமராவும் லென்ஸும் சேர்ந்தால்தான் படம் என்பது முப்பது வருஷம் தொழில் பார்த்த இரண்டு பேருக்குமே அன்றைக்குத் தோன்றவில்லை. கோபம் அப்படி.

“ஓஹோ” என்றாள் ஜெசிந்தா. அதற்குமேல் கேட்கவில்லை.

கேமராவை ட்ரைபாடில் பூட்டினாள். இருபதடி தள்ளி ஓர் அட்டையை நிறுத்தினாள். அட்டையின் பக்கவாட்டில் ஓர் அளவுகோல் சாய்ந்து நின்றது. நடுவில் பூச்சியம், முன்னால் கொஞ்சம் கோடுகள், பின்னால் கொஞ்சம் கோடுகள். பூச்சியத்தைக் குறி வைத்து எடுத்தாள். பூச்சியம் மங்கி, பின்னால் இருந்த நாலாவது கோடு தெளிவாக வந்தது.

“லென்ஸும் சரி. கேமராவும் சரி. இது ரெண்டும் சேர்ந்தா ஃபோகஸ் கொஞ்சம் பின்னாடி விழுது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கணக்கு இருக்கும்.”

கேமராவின் மெனுவுக்குள் நுழைந்தாள். அங்கே லென்ஸின் பெயருக்கு எதிரே ஓர் எண் போட இடம் இருந்தது. மைனஸ் நாலு என்று போட்டு எடுத்தாள். மைனஸ் ஆறு போட்டு எடுத்தாள். பூச்சியம் பளிச்சென்று விழுந்தது.

“ஆஹா!” சுயம்பு எழுந்துவிட்டார். “முடிஞ்சு போச்சுல்லா?”

ஜெசிந்தா லென்ஸைக் குட்டையாகச் சுருக்கி எடுத்தாள். இப்போது முன்னால் விழுந்தது.

“ஜூம் லென்ஸுல்லா. குட்டைக்கு ஒரு நம்பர், நெட்டைக்கு ஒரு நம்பர்.”

இரண்டு எண்ணையும் போட்டுக் கொடுத்தாள். சுயம்பு பையை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவரிடம் அவள் கேட்டாள்.

“கோபுரம் எவ்வளவு தூரம்?”

“தெப்பக்குளத்துக்கு அந்தக் கரை. எரநூறு அடி இருக்கும்.”

“இந்த ரூம் இருபதடி. அந்தத் தூரத்துலயும் ஒருக்கா வச்சுப் பாருங்க.” அளவுகோல் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுயம்பு குளத்துக்குப் போனார்.

அட்டையை ஓர் உடைமரத்தில் கட்டினார். கரையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். எடுத்தார். பின்னால் விழுந்தது. எண்ணை மாற்றி எடுத்தார். அதற்குள் காற்றில் அட்டை திரும்பிக்கொண்டது. கரையைச் சுற்றிப் போய் நிமிர்த்திக் கட்டினார். சுற்றி வந்தார். திரும்பவும் திரும்பிக்கொண்டது. இப்படியே எட்டு நடை. குளத்தில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், வேண்டுதலா என்று கேட்டாள்.

ஒன்பதாவது நடை முடிந்து மூச்சு வாங்க வந்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். அட்டையை ஓர் ஆடு தின்றுகொண்டிருந்தது.

அவர் கத்தினார். இருநூறு அடிக்கு அது எங்கே கேட்கும்? கத்தின வேகத்தில் விரல் அழுந்திப் படம் வேறு விழுந்துவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் அந்தப் படத்தை ஜெசிந்தா வெகுநேரம் பார்த்தாள். அட்டை மங்கல். அட்டைக்குப் பின்னால் நின்று தின்றதால் ஆட்டின் தாடி துல்லியமாக வந்திருந்தது.

“ஆடு நல்லா வந்திருக்கு அண்ணாச்சி.”

“வெந்த புண்ணுல வேலப் பாய்ச்சாத தாயி. விடிஞ்சா கும்பாபிஷேகம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வேற அட்டை குடு.”

“அட்டை தாரேன். ஒத்தை ஆளா இதச் செய்ய முடியாது. அங்க ஒருத்தர் நிக்கணும், இங்க ஒருத்தர் நிக்கணும்.”

“என் மச்சினன நிப்பாட்டுதேன்.”

“அட்டை சாயாமப் பிடிக்கத் தெரியணும். கை நடுங்கக்கூடாது. ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்கணும். நீங்க ஏசினா ஏச்சையும் வாங்கிக்கிடணும்.”

“மச்சினன் ஏச்சு வாங்க மாட்டான்” என்று சுயம்பு ஒப்புக்கொண்டார். “அப்படி நிக்க இந்தக் காலத்துல எவன் இருக்கான்?”

“லென்ஸ் வாங்கின புதுசுல யாரு நின்னா?”

சுயம்பு மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது. கீழே பல் டாக்டர் யாருடைய பல்லையோ ராவிக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தா ஒரு லென்ஸைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்.

“பிச்சைக்கனி அண்ணன் போன வாரம் வந்திருந்தாக.”

“இங்கயா? அவனுக்கு என்ன கேடு?”

“புதுசா வாங்கின லென்ஸ் பொய் சொல்லுதாம்.”

“பின்னாடி விழுதா?”

“முன்னாடி.”

சுயம்பு சிரித்தார். வாய்விட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். இந்த மூன்று மாதத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

“நல்லா வேணும் அவனுக்கு. சரி பண்ணிக் குடுத்துட்டியா?”

“குடுத்துட்டேன். அந்தக் கேமராவுல இந்த லென்ஸோட நம்பரும் அப்படியே கெடந்துச்சு. குட்டைக்கு ஒண்ணு, நெட்டைக்கு ஒண்ணு. லென்ஸே இல்லையே, இது எதுக்கு, அழிச்சிரட்டுமான்னு கேட்டேன்.”

சிரிப்பு நின்றது.

“என்ன சொன்னான்?”

“அழிச்சிராத தாயின்னாக.”

“அவ்வளவுதானா?”

“‘அந்தப் பய என்னைக்காவது லென்ஸத் தூக்கிட்டு வந்து நின்னான்னா, மறுபடியும் முதல்லேர்ந்து எவன் வெயில்ல நிக்கது’ன்னாக.”

பிச்சைக்கனியைத் திட்டுவதற்கென்று மூன்று மாதமாகச் சுயம்பு சேர்த்து வைத்திருந்த சொல் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். வேர்வை என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று கழுத்தையும் சேர்த்துத் துடைத்தார்.

பிறகு கோபம் வந்தது.

“இத முந்தாநாளே சொல்லியிருக்கலாம்லா? ஆட்டுக்கிட்டப் போய் அவமானப்பட்டு வந்திருக்கேன்!”

“நீங்க லென்ஸப் பத்தித்தானே கேட்டீங்க?”

சுயம்பு அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புதுக் கேமராவிலிருந்து லென்ஸைத் திருகிக் கழற்றினார். முன்மூடியும் பின்மூடியும் போட்டார். பைக்குள் வைக்காமல் கையிடுக்கில் அணைத்துக்கொண்டு, செருப்பை அவசரமாக மாட்டி, படியில் இறங்கினார்.

ஜெசிந்தா மேசையைப் பார்த்தாள். எழுந்து மாடிக் கைப்பிடிச் சுவர்வரை ஓடினாள்.

“அண்ணாச்சி, கேமராவ வச்சுட்டுப் போறீங்க!”

அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

“இருக்கட்டும் தாயி! நாளைக்குச் சாயங்காலம் நாங்க ரெண்டு பேருமா வந்து எடுத்துக்கிடுதோம்!”