நண்டுத்தீவின் காற்றதிபதி

விசயமாறன் ஆண்ட காலத்தில், கரையிலிருந்து ஒரு பகல் படகுப் பயணத்தில் நண்டுத்தீவு என்றொரு தீவு இருந்தது. அங்கே மீனுக்குக் குறைவில்லை, உப்புக்குக் குறைவில்லை, காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குடிதண்ணீருக்குத்தான் பஞ்சம். நல்ல தண்ணீர் இருந்தது, பாதாளத்தில் இருந்தது.

ராஜா மனமிரங்கி அங்கே ஒரு காற்றாலை கட்டிக் கொடுத்தார். காற்றடித்தால் இறக்கை சுற்றும், இறக்கை சுற்றினால் கிணற்றுத் தண்ணீர் மேலே வரும். அந்த வருஷம் தீவில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கெல்லாம் விசயமாறன் என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் ஆலை அடிக்கடி நின்றது. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் ராஜ்ஜியத்திலேயே ஒருவர்தான். பெயர் விருத்தகிரி. தலைமை மந்திரி சோமநாதரின் மைத்துனர். பலத்த காற்றில்தான் ஆலை பழுதாகும். பலத்த காற்றில் படகு வராது. காற்று அடங்கி, ஆலைக்கு வேலையே இல்லாத நாளில் விருத்தகிரி வந்து இறங்குவார். தீவு ஜனங்களைக் கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வார். தொழில் ரகசியம் அல்லவா? முதுகுக்குப் பின்னால் நாலு தட்டுத் தட்டுகிற சத்தம் கேட்கும். பிறகு விருந்து சாப்பிட்டுவிட்டுப் படகேறிவிடுவார்.

ஒருநாள் பேச்சி என்ற தீவுக்காரி ஒரு செம்போடு அரசவைக்கு வந்தாள். ராஜா வாங்கிக் குடித்தார். குடித்ததை விழுங்குவதா துப்புவதா என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

"என்னம்மா இது?"

"தண்ணி, மகாராஜா. ஆலை நின்னா இதைத்தான் குடிக்கிறோம். பிள்ளைங்களுக்கெல்லாம் வயித்தால போகுது. எங்க ஆளுங்க நாலு பேருக்கு அந்த வேலையைச் சொல்லிக் குடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

சோமநாதர் சிரித்தார். "வலை இழுக்கிறவர்களுக்கு ஆலை வித்தையா?"

"கற்றுத் தேறப் பன்னிரண்டு வருஷம் ஆகும்" என்றார் விருத்தகிரி. "அதோடு, எனக்குக் கற்பிக்க மனமில்லை."

ராஜா பெருமூச்சு விட்டார். குருவுக்கு மனமில்லாமல் வித்தையைக் கொடு என்று கட்டளையிடுவதில்லை என்பது அந்த வம்சத்து வழக்கம். அவர் தம் சபை விகடர் தாண்டவராயர் பக்கம் திரும்பினார்.

"தாண்டவா, ஆடிக் காற்று தொடங்குவதற்குள் இவர்கள் கற்றாக வேண்டும். குருவை யாரும் கற்பிக்கச் சொல்லக் கூடாது. ஒளிந்திருந்து பார்த்தும் கற்கக் கூடாது. முடியுமா?"

"முடியாவிட்டால் இவர் சபையை விட்டுப் போகட்டும்" என்று சோமநாதர் சேர்த்துக்கொண்டார்.

"சரி" என்றார் தாண்டவராயர். "ஆனால் மந்திரி சொல்வதுதான் நியாயம், அரசே. தீவு ஜனங்கள் ஆலையைத் தொடவே கூடாது. இவ்வளவு அரிய ஆலைக்கு இவ்வளவு அரிய மனிதர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விருத்தகிரிக்குக் 'காற்றதிபதி' என்று பட்டம் கொடுங்கள்."

பட்டம் என்றதுமே விருத்தகிரி எழுந்து குனிந்து வணங்கி ஏற்றுக்கொண்டார். அவர் நிமிர்வதற்குள் தாண்டவராயர் மீதியையும் சொல்லிவிட்டார்: "காற்றதிபதி ஆலையடியிலேயே குடியிருப்பார். வேலை தெரிந்த வேறொருவர் தீவில் இருந்தாலொழியக் கரைக்கு வர மாட்டார்."

"அப்படியே ஆகுக" என்றார் ராஜா.

விருத்தகிரி மைத்துனரைப் பார்த்தார். சோமநாதர் கூரையைப் பார்த்தார்.

தீவில் காற்றதிபதியை ராஜ மரியாதையோடு வரவேற்றார்கள். காலையில் மீன் போட்டார்கள். மதியம் கருவாடு போட்டார்கள். இரவில் மறுபடி மீன். அவருக்கு மீன் பிடிக்கும். முதல் வாரம் பிடித்தது. காற்று அவருடைய தலைப்பாகையைக் கொண்டுபோயிற்று. அடுத்த தலைப்பாகையையும் கொண்டுபோயிற்று. அவர் நாலு தட்டில் சரிசெய்த ஆலை ஐந்தாம் நாள் நின்றுவிடும். முன்பெல்லாம் அது அவருக்குத் தெரிய வந்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் அவரே உச்சிக்கு ஏற வேண்டியிருந்தது.

ஒருநாள் நல்ல காற்று. விருத்தகிரி உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே ஜனங்கள் மரியாதையாகக் கடலைப் பார்த்து நின்றார்கள்.

"அந்தக் கயிற்றைப் பிடியுங்கள்!" என்று கத்தினார்.

"நாங்க தொடக் கூடாதுங்களே" என்றாள் பேச்சி, கடலைப் பார்த்தபடி.

"நான் சொல்கிறேன், பிடி!"

"அப்போ, திரும்பலாங்களா?"

"திரும்பித் தொலையுங்கள்!"

பேச்சி கயிற்றைப் பிடித்தாள். அவர் உயிரோடு இறங்கி வந்தார். மணலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "இங்கே வா அம்மா. இதுதான் அச்சு. இதற்கு எண்ணெய் போடாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா?" என்றார்.

அதற்கப்புறம் அவரைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வலை காயப்போட வந்தவனைப் பிடித்துப் பல்சக்கரம் பற்றிச் சொன்னார். சோறு வடிப்பவளிடம் இறக்கையைத் திருப்புவது பற்றிச் சொன்னார். ஒன்று புரியவில்லை என்றால், கோபிக்காமல் ஏழு தடவை சொன்னார். "போதும் ஐயா, கடலுக்குப் போகணும்" என்று அவர்கள் கெஞ்சினார்கள்.

ஆனி முடியுமுன் ராஜா சபையோடு தீவுக்கு வந்தார். பேச்சியும் மூன்று பேரும் ஆலையைக் கழற்றி, மறுபடி பூட்டி, ஓட்டிக் காட்டினார்கள். தண்ணீர் கொட்டியது. ராஜா ஒரு செம்பு குடித்தார். இந்தத் தடவை யோசிக்காமல் விழுங்கினார்.

"விருத்தகிரி, உம்மை யாராவது கற்பிக்கச் சொன்னார்களா?"

"ஒருவரும் சொல்லவில்லை, அரசே. நானாகத்தான்." குரல் படகிலிருந்து வந்தது. அவர் ஏற்கெனவே மூட்டையோடு ஏறி உட்கார்ந்திருந்தார்.

"பன்னிரண்டு வருஷம் ஆகும் என்றீரே?"

"குரு நல்லவராக இருந்தால் சீக்கிரம் ஆகிவிடும், அரசே. படகு எப்போது கிளம்பும்?"

ராஜா தாண்டவராயரைத் தனியே அழைத்தார். "உண்மையைச் சொல். இந்த ஜனங்கள் அவ்வளவு கெட்டிக்காரர்களா?"

"எல்லா ஊர் மாணவர்களையும் போலத்தான், அரசே."

"பின்னே எப்படி இவ்வளவு சீக்கிரம் முடிந்தது?"

"மற்ற இடங்களில் பாடம் முடிந்ததும் மாணவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள்" என்றார் தாண்டவராயர். "இங்கே ஆசிரியரை அனுப்புவதாக ஏற்பாடு."

ராஜா சிரித்த சிரிப்பில் படகு ஆடியது என்கிறார்கள். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயருக்குப் போட்டுவிட்டு, சோமநாதரைக் கூப்பிட்டார்.

"மந்திரி, அடுத்த தீவிலும் ஓர் ஆலை கட்டப் போகிறேன். அங்கே கற்பிக்க உமக்கு மனமிருக்கிறதா, அல்லது பட்டம் வேண்டுமா?"